ஊர் கூடிப் படித்த ஏடு

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் அனைவருக்கும் ஒரே நூலைக் கொடுத்துப் படிக்கச் செய்யும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. படிப்பதோடு அது முடிவதில்லை. அந்நூல் தம் உள்ளத்தில் எழுப்பியதைக் கவிதையாகவோ, ஓவியமாகவோ, நாடகமாகவோ படைத்துக் காட்டவும் மாணவர்கள் அழைக்கப்படுகின்றனர். நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் புரட்டினால், இதற்கு நிகரான ஒன்று நம் கரையிலும் நிகழ்ந்திருக்கக் காண்கிறோம்.

1535-க்கும் 1537-க்கும் இடையில் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்களிடம் புனித சவேரியார் வந்து சேர்ந்த ஆண்டு 1542. இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டி, செபங்களை வருந்தி முயன்று தமிழாக்கித் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களை அழைத்தார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு படியை விட்டுச் சென்றதையும், எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தெழுதவும் மற்றவர்கள் மனனம் செய்து நாள்தோறும் ஓதவும் பணித்ததையும் 1544 சனவரியில் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். சிறுவர்களோ தாம் கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்தனர். நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று, அங்குள்ளோரைக் கூட்டிச் செபித்தனர். கேட்டவர்களே சொல்பவர்களாயினர்.

இவ்வழியைத் தொடர்ந்தவர் அண்டிரிக் அடிகளார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய அவரது 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். ஆயினும், இந்திய மொழி ஒன்றில் அம்மொழியின் எழுத்திலேயே அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. அச்சுப்பணிக்குப் பொருள் தந்தவர்கள் இக்கரையின் பரதவ மக்கள். கடலடியில் மூச்சடக்கி ஈட்டிய செல்வம் எழுத்தாய் மலர்ந்தது. 1586-இல் புனிதர்களின் வாழ்வைக் கூறும் 'அடியார் வரலாறு' 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூலாக வெளிவந்தது.

அந்நூலுக்கு நேர்ந்தது என்ன? இக்கரை மக்களுக்கென ஆக்கப்பட்ட நூல் இக்கரையின் நினைவிலிருந்தே நழுவியது. தனிநாயகம் அடிகளார் 1954-இல் அதனை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். அருள்தந்தை இராசமாணிக்கம் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் அதனை மீண்டும் வெளியிட்டது. நூலைப் பெற்றால் மட்டும் போதாது. அதனைப் படித்து, பேசி, தம் சொல்லால் மறுமொழி தருவோர் தலைமுறைதோறும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இன்று நம் கரையைப் பாடும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வெளிவந்தது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவற்றுள் ஒன்றை நம் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து படித்தால் எப்படியிருக்கும்? வலைகளுக்கும் காற்றுகளுக்கும் பாட்டி வழங்கிய பெயர்களை மீனவர் மகள் எழுதி வருவாள். கடலில் கால் வைத்திராத உப்பளத் தொழிலாளியின் மகன், அதே கடல்நீரைப் பாத்தியில் கட்டிக் காயவைக்கும் தன் தந்தையின் கதையைச் சொல்வான். ஒருவர் வாழ்வை மற்றவர் அறிய ஒரு நூல் வாயிலாகும்.

இதற்குக் காலம் தாழ்த்தல் ஆகாது. இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதனைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுத இளைஞர் வேண்டும். அவ்வாறு கேட்கும் ஆவலை நல்ல நூலே தூண்டும்.

பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனை நற்செய்தியில் வரும் தலைவன் பாராட்டவில்லை. நம் முன்னோர் நமக்கு ஏட்டைத் தந்தனர். அதனைப் புதைப்பதா, பெருக்கித் தருவதா? விடை நம் பிள்ளைகளின் பேனாவில் இருக்கிறது. அப்பேனாவை அவர்கள் கையில் கொடுப்பது நம் கடன்.