இல்லத்துச் சாடியும் பெங்களூர் பீரும்

பீர் என்றதும் நம் குடும்பங்களில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்குப்பா" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. தானியத்தைப் புளிக்க வைத்துப் பானமாக்கும் தொழில் நமக்கு அயலானதா என்பதே கேள்வி. அயல்நாட்டிலுள்ள நம் பிள்ளைகள் வீட்டிலேயே பீர் செய்யும் கிட் வாங்கும் இந்நாளில், இதைத் தெரிந்துகொள்வது நலம்.

இலக்கியச் சான்று

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. இதில் வீட்டிலே சமைத்த நெற்கள் 'தோப்பி' என்ற பெயரால் குறிக்கப்படுகிறது. வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியிலோ செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கிறார்கள். பாட்டில் வரும் 'அடை' என்பதற்கு முளை என்றே நச்சினார்க்கினியர் உரை கண்டார்.

இந்த முளைதான் சூட்சுமம். அரிசி மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாகச் சாப்பிடாது. தானியம் முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச்சத்தையும் கரியமில வாயுவையும் தரும். முளைகட்டி உலர்த்திய தானியத்துக்குத்தான் ஆங்கிலத்தில் மால்ட் என்று பெயர். ஒக்கலிபுரத்திலும் அல்சூரிலும் நம்ம வீட்டுப் பெண்கள் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, குழந்தைக்குக் காய்ச்சும் ராகி மால்ட்டும் இதே வழிதான். புளிக்க வைப்பதில்லை, அவ்வளவே.

பாளையமும் பீப்பாயும்

1809-இல் பெங்களூர் கண்டோன்மென்ட் அமைந்தது. சென்னைப் படையோடு சிப்பாய்களாகவும் பணியாளர்களாகவும் வணிகர்களாகவும் தமிழர் திரளாக இங்கு வந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்குப் பீர் வேண்டும். கப்பலில் வருவதோ விலை அதிகம். ஆகவே குளிர்ந்த நீலகிரியில் 1857-இல் காஸில் புரூவரி எழுந்தது. பின்னர் பெங்களூரிலும் சென்னையிலும் ஆலைகள் தோன்றின. பெரிய பீப்பாய்களில் அடைத்த பீர் மாட்டுவண்டிகளில் படைகளுக்குப் போனது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

அதே காலத்தில் வீட்டுச் சாடிக்குப் பூட்டு விழுந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமமின்றி மது செய்வதைக் குற்றமாக்கியது. மது அரசின் பெரிய வருவாயாயிற்று. பின்னர் 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு வேறு நோக்கத்தோடு வந்தது. நோக்கம் எதுவாயினும், வீட்டில் செய்வது இரண்டிலும் குற்றமே.

அயல்நாட்டில் கிட்

பிரிட்டனில் வீட்டுப் பீருக்கு வேண்டியிருந்த உரிமத்தை 1963-இல் நிதியமைச்சர் மாட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். நம்மவர் மிகுந்த சிங்கப்பூரிலும் 2004 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு; வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் உச்சவரம்பு.

கிட் என்பது என்ன? முளைத்த வாற்கோதுமைச் சாற்றைச் சுண்டவைத்த பாகு, சுமார் 1.7 கிலோ டப்பா. கசப்பு தரும் ஹாப்ஸ் அதிலேயே சேர்ந்திருக்கும். கூடவே ஒரு பொட்டலம் ஈஸ்ட். முதல் விதி சுத்தம்: வாளி, கரண்டி, பாட்டில் எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பாகையும் ஒரு கிலோ சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டராக்கி, சூடு 20 டிகிரி அளவுக்கு இறங்கியபின் ஈஸ்ட் தூவ வேண்டும். மூடியில் வாயு வெளியேற வழி இருக்கணும். அடர்த்திமானி தொடக்கத்தில் 1.040 காட்டி, ஒரு வாரம்போல் கழித்து 1.010-இல் நின்றால், சாராயச்சத்து ஏறத்தாழ 4 விழுக்காடு. அளவு அடுத்தடுத்த நாட்களில் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் பாட்டில் வெடிச்சிடும். நுரைக்காக லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை சேர்த்து இரண்டு வாரம் வைப்பார்கள்.

இங்கே என்ன நிலை?

கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலுள்ள பெங்களூரின் தட்பவெப்பம் இதற்கு ஏற்றதே. ஆனால் 1965-ஆம் ஆண்டின் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டப்படி உரிமமின்றிச் செய்வது குற்றம். 2010-க்குப் பிறகு உணவகங்களுக்குள்ளேயே பீர் தயாரிக்கும் சிற்றாலைகள் உரிமத்தோடு வந்துள்ளன. வீடுகளுக்கு அந்த வழி திறக்கவில்லை. சட்டத்தின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2008 மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கள்ளச்சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைகளின் உயிரைக் குடித்தது. அது மெத்தனால் கலப்பால் வந்த சாவு. தானியத்தைப் புளிக்க வைத்ததால் வந்ததன்று. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அசாமில் டிமாசா மக்கள் வீட்டில் செய்யும் ஜூடிமா என்ற அரிசி மது 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் தம் வீட்டு அறிவை விட்டுவிடவில்லை. நாமோ தோப்பி என்ற சொல்லையே மறந்துவிட்டோம். பெங்களூரில் கிட்டைத் திறக்க வேண்டாம், பெரும்பாணாற்றுப்படையைத் திறக்கலாம். அயல்நாட்டில் சட்டப்படி செய்யும் பிள்ளை "இது வெள்ளைக்காரன் வித்தை" என்றால், நம் முன்னோர் சாடியையும் அதிலிட்ட முளையையும் எடுத்துச் சொல்வோம்.