பெரியப்பாவின் சிவப்பு எஞ்சின்



சென்ற பள்ளி விடுமுறையில் நான் எங்கும் சுற்றுலா செல்லவில்லை. பேரா ஆற்றங்கரையில் உள்ள என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில், ஒரு பழைய படகு எஞ்சினோடு மூன்று வாரங்களைக் கழித்தேன். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் வகையைச் சேர்ந்தது அது. மலாய்க்காரர்கள் அதனை ‘எஞ்சின் சங்குட்’ என்பர். மாட்டித் தொங்கவிடும் எஞ்சின் என்பது அதன் பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்!

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி ஆற்றின் எதிர்க்கரையில் இருந்தது. பாலம் கிடையாது. பெரியப்பா தம் சிறு படகில் காலையில் இரண்டு நடை, நண்பகலில் இரண்டு நடை எனப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். தாயகம் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுச் சென்ற எஞ்சின்தான் அப்படகை ஓட்டியது. பெரியப்பா மறைந்த பிறகு பதினைந்து ஆண்டுகளாக அது கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதைச் செப்பனிட்டுச் சாயம் பூசி, எங்கள் பள்ளியின் வரலாற்று மூலையில் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த நிறத்தில் பூசுவது என்ற சிறு கேள்வி எங்கள் குடும்பத்தையே இரண்டாகப் பிரிக்கும் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

முதலில் அவ்வெஞ்சினின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அது எவின்ரூட் நிறுவனம் 1950களில் தயாரித்த ‘லைட்வின்’. இரண்டு சிலிண்டர்கள், மூன்று குதிரைத் திறன், ஏறத்தாழ 15 கிலோ எடை. ஒருவரே தோளில் சுமந்து செல்லலாம்.

ஓலே எவின்ரூட் 1877ஆம் ஆண்டு நோர்வேயில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறினார். பள்ளிப் படிப்பை விரைவிலேயே நிறுத்திவிட்டு, பட்டறைகளில் தொழில் கற்றார். 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஒக்காச்சி ஏரிக்கரையில் நண்பர்களோடு இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, அவர் மணக்கவிருந்த பெஸ் கேரி ஐஸ்கிரீம் கேட்டாராம். ஓலே துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து வாங்கி வருவதற்குள் அது உருகிப் போயிற்றாம். அன்று தோன்றிய எண்ணமே படகு எஞ்சினாக உருப்பெற்றது என்பது பலரும் சொல்லும் கதை.

இக்கதையை நானும் வகுப்பில் சுவைபடச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஓலே முதல்வர் அல்லர். கஸ்தவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் 1881ஆம் ஆண்டிலேயே பாரிஸின் சேன் ஆற்றில், கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைக் கொண்டு படகு ஓட்டிக் காட்டினார். அமெரிக்கரான கேமரன் வாட்டர்மேன் 1907ஆம் ஆண்டில் தம் பெட்ரோல் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்று, ஓலேவுக்கு முன்பே விற்பனையும் செய்தார். அப்படியிருக்க, எவின்ரூட் என்ற பெயர் மட்டும் ஏன் நிலைத்தது?

உறுதியான வடிவமைப்பு ஒரு காரணம். 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் விற்பனைக்கு வந்த அவருடைய எஞ்சின் ஒன்றரைக் குதிரைத் திறனும் 62 பவுண்டு எடையும் கொண்டது. மற்றொரு காரணம் பெஸ். கணக்கு வழக்குகளையும் கடிதப் போக்குவரத்தையும் அவரே கவனித்தார். துடுப்பை வீசியெறியுங்கள் என்று மக்களை அழைத்த விளம்பரமும் அவர் எழுதியதே. அவருடைய உடல்நலம் குன்றியபோது ஓலே தம் நிறுவனத்தையே விற்றுவிட்டு ஓய்ந்திருந்தார். பின்னர் அலுமினியத்தால் ஓர் இலகுவான எஞ்சினை வடிவமைத்து, 1920களின் தொடக்கத்தில் ‘எல்டோ’ என்ற பெயரில் இருவரும் மீண்டும் தொழிலில் இறங்கினர். எவின்ரூட் என்ற பெயர் அப்போது வேறொருவர் கையில் இருந்தது. தம் பெயருக்கு எதிராகத் தாமே போட்டியிட நேர்ந்த மனிதர் அவர்! 1929ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களும் இணைந்தன. பெஸ் 1933இலும் ஓலே 1934இலும் மறைந்தனர். 2020ஆம் ஆண்டில் எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பும் நின்றுபோனது. மூடியின் மீது ஒருவர் பெயர்தான் இருந்தது, உழைப்போ இருவருடையது.

இனி கொட்டகைக்குத் திரும்புவோம். ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா மகன், என் அண்ணன், உதவிக்கு வந்தார். தீப்பொறி தரும் காயில்கள் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. அக்கால எஞ்சின்களுக்கு இது வழக்கமான நோய் என்றார். புதிய காயில்களை மாட்டினோம். நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி, பசைபோல் உறைந்திருந்த பழைய பெட்ரோலைக் கழுவினோம். இக்காலத்து 50க்கு 1 என்ற எண்ணெய்க் கலவை இதற்குப் போதாது. 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும்.

சாயவேலைதான் எங்களைச் சோதித்தது. நான் அவசரப்பட்டுக் கால்பகுதியைச் சுரண்டி, வெறும் அலுமினியத்தின் மீது நேராகச் சாயம் பூசினேன். நான்கு நாளில் அது வாழைப்பட்டைபோல் உரிந்து வந்தது. அலுமினியத்தின் மீது காற்றுப்பட்டவுடன் ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடும். சாயம் அதைப் பற்றாது. உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும் தனிவகை அடிச்சாயம் முதலில் தேவை. அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு, நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்துப் பூச வேண்டும். ஒட்டுச்சிப்பிகளைத் தடுக்கும் செம்புச் சாயத்தை அலுமினியக் காலில் பூசவே கூடாது. உப்புநீரில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். பெற்றோர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அக்காலச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, முகக்கவசம் இன்றியமையாதது, பிள்ளைகளை அவ்வேலைக்கு அருகில் விடக்கூடாது.

மேல்மூடியைத் தேய்த்தபோது பெரியப்பா பூசிய சிவப்பின் அடியில் ஆலை பூசிய நீலம் தெரிந்தது. அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “தம்பி, அசல் நிறத்துக்கே கொண்டு போயிடலாம்” என்றார். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் நானும் தலையாட்டினேன். அசல்தானே உண்மை? அண்ணன் கைப்பேசியில் பழைய விளம்பரப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, பெரியம்மாவிடம் காட்டினார்.

பெரியம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது யாரு எஞ்சின்?” என்று கேட்டார்.

“நம்ம எஞ்சின்தாம்மா.”

“நம்மளுது சிவப்புல்ல?” என்றார் அவர். தோட்டத்து அலுவலகத்தில் தீயணைப்பு வாளிகளுக்கு அடித்தது போக மிஞ்சிய சாயத்தைப் பெரியப்பா கேட்டு வாங்கி வந்தாராம். மஞ்சள் கலங்கிய ஆற்றில் அந்தச் சிவப்பு தொலைவிலிருந்தே தெரியும். அதைக் கண்டதும் எதிர்க்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்களாம். அவர்களுள் நானும் ஒருவன். அதை நான் மறந்திருந்தேன்.

“அசலா வெச்சாத்தான் மதிப்பு” என்று அண்ணன் இரண்டு நாள் வாதிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நீலம் மில்வாக்கியின் வரலாறு. எங்கள் ஆற்றில் அந்த எஞ்சின் உழைத்த ஆண்டுகளெல்லாம் சிவப்பில்தான் இருக்கின்றன. நீலத்துக்குத் திரும்பினால், எஞ்சினை மீட்பதாக எண்ணிக்கொண்டு பெரியப்பாவைத் துடைத்துவிடுவோம். ஓலேவின் பெயருக்குப் பின்னால் பெஸ்ஸைத் தேடிய நான், என் பெரியப்பாவையே உப்புத்தாளால் தேய்க்கத் துணிந்தேனே என்று வெட்கினேன்.

முடிவில் மூடிக்குச் சிவப்பே பூசினோம். ஒரு மூலையில் மட்டும் ஐம்பது சென் காசளவு இடத்தை, படிப்படியாகத் தேய்த்தபடியே விட்டுவிட்டோம். மேலே சிவப்பு, அதனடியில் நீலம், அதனடியில் அடிச்சாயம், நடுவில் உலோகம். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல அதைப் பிள்ளைகள் படிக்கலாம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அண்ணன்தான்.

நீர் நிரப்பிய தகரப் பீப்பாயில் மாட்டி, கயிற்றைப் பதினொன்றாம் முறை இழுத்தபோது எஞ்சின் உறுமியது. கொட்டகை முழுவதும் நீலப்புகை. பெரியம்மா இருமிக்கொண்டே வாசலுக்கு வந்து, அது அணையும்வரை நின்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது அது எங்கள் பள்ளியில் இருக்கிறது. விளக்கப் பலகையில் ஓலே எவின்ரூட், பெஸ் எவின்ரூட், என் பெரியப்பா ஆகிய மூவர் பெயரையும் எழுதியிருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, நம் தோட்டங்கள் பல இன்று இல்லை. அங்கு வாழ்ந்தோரைப் பற்றிப் பாடநூல்கள் சொல்வதும் குறைவு. ஆனால் அவர்கள் கைபட்ட பொருள்கள் இன்னும் பல வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. அவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, பழையதைப் பளபளப்பாக்கும் முன், அதற்கு அந்த நிறம் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேளுங்கள்.