வீட்டு ஏசியின் வயதறிதல்

வீட்டு ஏசியின் வயதறிதல் என்பது, அது ஆலையில் தயாரான ஆண்டையும் முடிந்தால் மாதத்தையும் அதன் மேலேயே உள்ள அடையாளங்களைக் கொண்டு கண்டறிவதாகும். அமெரிக்க வீடுகளில் எல்லா அறைகளுக்கும் காற்றுக்குழாய் வழியே குளிர் அனுப்பும் சென்ட்ரல் ஏசி பரவலான வழக்கம். திருச்சியில் சென்ட்ரல் ஏசி என்றால் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் திரையரங்கும்தான் நினைவுக்கு வரும். தில்லைநகர் அடுக்ககமானாலும் ஸ்ரீரங்கத்து வீடானாலும் அறையில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிளிட் ஏசிதான். இரண்டுக்கும் வயதறியும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஏசியோடு பழைய வீட்டை வாங்குவோருக்கும், செகண்ட் ஹேண்டில் ஏசி எடுப்போருக்கும், கம்ப்ரசர் போன ஏசிக்கு மேலும் செலவழிப்பதா என்று யோசிப்போருக்கும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. எந்த ஒரு தனி அடையாளமும் இதற்குப் போதாது. இரண்டு மூன்று சான்றுகள் ஒத்துப்போகும் இடத்தில்தான் சரியான ஆண்டு கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் விவரப் பட்டை. மாடல் எண், சீரியல் எண், கேஸின் வகை, அதன் எடை, மின்னளவு ஆகியவை அதில் இருக்கும். பலவற்றில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் நேரடியாகவே அச்சாகியிருக்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு அது வெளுத்துப்போயிருந்தால், உள்ளே இருக்கும் யூனிட்டின் பக்கத்திலோ அடியிலோ உள்ள பட்டையைப் பார்க்கலாம். தேதி நேரடியாக இல்லாவிட்டால் சீரியல் எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் அதிகம் காணப்படும் கேரியர் சென்ட்ரல் ஏசிகளில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 3412 என்று தொடங்கினால் 2012ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். எல்ஜி ஏசிகளில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த இரண்டும் மாதம். ஆகவே 809 என்று தொடங்கும் எண் செப்டம்பரைத் தெளிவாகச் சொல்கிறது; ஆனால் 2008ஆ 2018ஆ என்பதைச் சொல்வதில்லை.

காவிரிக்கரைக் கோயில்களின் சோழர் கல்வெட்டுகளைப் படிப்போருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடியதால், பரகேசரியின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருந்தால் அது எந்த மன்னன் என்று உறுதி சொல்ல முடியாது. எழுத்தின் வடிவத்தையும் கல்வெட்டில் வரும் பிற செய்திகளையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஏசியில் அந்தப் பிற செய்திகளைத் தருபவை கேஸும் ஸ்டார் லேபிளும்.

கேஸ் சொல்லும் காலம் ஓர் எல்லைக்கோடு. ஆர்-32 கேஸில் ஓடும் வீட்டு ஏசியை டைக்கின் நிறுவனம் முதன்முதலில் 2012 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே பட்டையில் ஆர்-32 என்று இருந்தால் அந்த ஏசி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆர்-22 இதற்கு எதிர்ப்பக்க எல்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், இந்தியாவில் அந்த வகைக் கேஸைக் கொண்டு புதிய கருவிகள் செய்வது 2024 இறுதியோடு முடிந்தது. ஸ்டார் லேபிள் இன்னும் நெருக்கமாகச் சொல்லும். எரிசக்தித் திறன் செயலகம் இத்திட்டத்தை 2006இல் தொடங்கியது. ஏசிகளுக்கு 2010இல் கட்டாயமானது. ஆண்டு முழுவதுமான பருவநிலையைக் கணக்கிட்டுத் திறனைச் சொல்லும் ஐஎஸ்ஈஈஆர் என்ற அளவு, 2015இல் இன்வெர்ட்டர் ஏசிகளுக்கு விருப்பத்தின்பேரில் வந்து, 2018 ஜனவரி முதல் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. மேலே சொன்ன 809ஐ இனி எளிதில் தீர்க்கலாம். ஆர்-32 என்றோ ஐஎஸ்ஈஈஆர் என்றோ இருந்தால் அது 2018தான். ஆர்-22 மட்டும் இருந்தால் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 2018இலும் அந்தக் கேஸுக்குத் தடை வந்திருக்கவில்லை.

பில் இருக்கும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பில் காட்டுவது விற்ற நாளைத்தான். வாரண்டிக்கு அதுவே போதும். ஆனால் கோடையில் விற்காமல் நின்ற சரக்கு குடோனில் கிடந்து அடுத்த கோடையில் விற்பனைக்கு வருவதுண்டு. தயாரிப்பு மாதம் அச்சான அட்டைப்பெட்டியோ மாட்டிய வாரமே பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. தவிர, வீடு கைமாறும்போது பில் கூடவே வருவது அரிது.

இன்னொரு மறுப்பு கனமானது: வயதைவிட உழைப்பே முக்கியம் அல்லவா? கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 முதல் 1,000 மீட்டர் உயரமுள்ள பச்சைமலையில் ஏசி எப்போதாவதுதான் தேவைப்படும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் திருச்சியில் இரவு முழுவதும் ஓடும். ஒரே மாதத்தில் தயாரான இரண்டு ஏசிகள் இந்த இரண்டு இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. இது உண்மைதான். ஆனால் தேய்மானத்தை ஏசி மெக்கானிக் சர்வீஸின்போதே சொல்லிவிடுவார். ஸ்பேர் பார்ட்ஸ் இனியும் கிடைக்குமா, கேஸுக்கு எதிர்காலம் உண்டா, ஸ்டாருக்கு இன்றைய மதிப்பு என்ன என்பவை தயாரிப்பு ஆண்டைச் சார்ந்தவை. 2018இல் ஐஎஸ்ஈஈஆர் 4.5 பெற்ற ஸ்பிளிட் ஏசி ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் அந்த வரம்பு 5 ஆக உயர்ந்ததும் அதே திறன் நான்கு ஸ்டாராக இறங்கியது. ஆண்டு தெரியாமல் ஸ்டாரை மட்டும் எண்ணி விலை பேசுவது நட்டத்தில் முடியும்.

பாகங்கள் மாறியிருப்பதால் வரும் பிழையும் உண்டு. அவுட்டோரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் உள்ளும் வெளியும் வேறு வேறு ஆண்டைக் காட்டும். ஆகவே இரண்டு பட்டைகளையும் ஒப்பிட வேண்டும். கப்பாசிட்டரில் உள்ள தேதியை நம்பக்கூடாது, அது அடிக்கடி மாற்றப்படும் பாகம். பார்ப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோரை எட்டிப் பார்க்காமல் அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது. புது ஏசி மாட்டும் நாளிலேயே இரண்டு பட்டைகளையும் ஸ்டார் லேபிளையும் படமெடுத்து பில்லோடு வைத்துக்கொண்டால், பின்னால் வருவோருக்கு இந்த ஆராய்ச்சியே தேவைப்படாது.