கேட்காதவர்களின் மருந்து

மனநோய் மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. மருந்தைத் தாமாகக் கேட்காதவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. குழந்தையும் கிழவரும் டாக்டரிடம் போவதில்லை, கூட்டிப் போகப்படுகிறார்கள். நோய் இன்னது என்று சொல்வதும், தேவலையாகிவிட்டது என்று சொல்வதும் இன்னொருவர். அந்த இன்னொருவரின் சௌகரியத்துக்கும் நோயாளியின் குணத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

1901 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட் மனநோய் விடுதியில் ஔகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டாள். டாக்டர் அலாய்ஸ் ஆல்ஸ்ஹைமர் அவளெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே எழுதிக்கொண்டார். பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டாள், மிச்சம் மறந்துபோயிற்று. தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். 1906 ஏப்ரலில் இறந்தாள். அவள் மூளையில் கண்டதை ஆல்ஸ்ஹைமர் அதே நவம்பரில் ட்யூபிங்கனில் விவரித்தார். 1910-இல் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு டாக்டரின் பெயரை வைத்தார். காணாமற்போன அவளுடைய கேஸ் கட்டு 1995-இல் கிடைத்தது. அக்காலத்து விடுதிகளில் கொடுக்க இருந்ததெல்லாம் மணிக்கணக்கான வெந்நீர்க் குளியலும் குளோரல் போன்ற தூக்க மருந்துகளும்தான். மருந்து இல்லாததால்தான் ஆல்ஸ்ஹைமர் காது கொடுத்தார் என்றால் அது மிகை. மருந்து வந்தபின் காது கொடுக்கும் அவசியம் குறைந்தது என்றால் மிகையல்ல.

குழந்தைகளின் கதை ஒரு தலைவலியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தின் பிராட்லி இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தண்டுவட நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தி மூளையைப் படம் பிடித்துவந்தார். அதனால் குழந்தைகளுக்குக் கடும் தலைவலி. அது தீருமென்று பென்ஸெட்ரின் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை, பாடம் முன்னேறியது. 1937-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 30 குழந்தைகள். அவர்களில் 14 பேருக்குப் படிப்பில் வியக்கத்தக்க மாறுதல். குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் மருந்தைத் தின்றவர்கள் அதற்குப் பெயர் வைத்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்தக் கட்டுரையை ஏறக்குறைய கால் நூற்றாண்டு யாரும் பொருட்படுத்தவில்லை. இதற்கிடையே 1944-இல் சீபா கம்பெனியின் லியாண்ட்ரோ பனிஸோன் ஒரு மருந்தைத் தயாரித்து, மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் ஆக்கினார். 1950-களில் அது சோர்ந்துபோன பெரியவர்களுக்கும் முதியவர்களுக்குமாக விற்கப்பட்டது. பிறகுதான் குழந்தைகளிடம் வந்தது. 1968-இல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் குழந்தையின் மிகைச் சலனம் ஒரு நோயாக இடம் பெற்றது. பெஞ்சில் உட்காராத பையன் உபாத்தியாயரின் பிரச்னையாக இருந்து டாக்டரின் பிரச்னையானான். 1970-இல் அமெரிக்கக் காங்கிரஸே இதை விசாரிக்க வேண்டியதாயிற்று.

முதியவர்களிடம் வந்தது குளோர்ப்ரோமசின். 1950 டிசம்பரில் பிரான்சில் ரோன்-புலான் கம்பெனியில் ஷார்பாந்தியே அதைத் தயாரித்தார். கடற்படை அறுவை மருத்துவர் லாபொரி, அதைப் பெற்றவர்களிடம் ஒரு விதமான அலட்சிய அமைதியைக் கவனித்தார். 1952-இல் பாரிஸ் ஸேன்ட்-ஆன் மருத்துவமனையில் டிலேயும் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கூச்சல் அடங்கிற்று, கட்டிப்போட்டுக் கிடந்த பலர் வீட்டுக்குப் போனார்கள். இதைக் குறைத்துச் சொல்கிறவன் அந்த விடுதிகள் எப்படி இருந்தன என்பதை அறியாதவன். ஆனால் அந்த அமைதி வேறு நோக்கங்களுக்கும் உதவும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதியோர் விடுதிகளில் கயிற்றின் வேலையை மாத்திரை செய்தது. அமெரிக்கா 1987-இல் ஒரு சட்டத்தால் அதைக் கட்டுப்படுத்த முயன்றது.

குழந்தை என்பது சின்ன அளவிலான பெரியவர் அல்ல. கிழவர் பழசான பெரியவரும் அல்ல. குழந்தையின் ஈரல் சில மருந்துகளைப் பெரியவர்களுடையதைவிட வேகமாகத் தீர்த்துவிடும். முதியவரின் ஈரலும் சிறுநீரகமும் நிதானப்பட்டுவிட்டன. 1963-இல் வந்த வாலியம் போன்றவை அவர் உடம்பின் கொழுப்பில் நாட்கணக்கில் தங்கி, மறுநாள் காலை அவரைத் தடுக்கி விழச் செய்யும். ஆனால் மருந்தைச் சோதித்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் நடுவயதினரை வைத்தே நடந்தன. இரு முனைகளிலும் இருப்பவர்களுக்கு அளவு உத்தேசமே.

கணக்குத் தாமதமாக வந்தது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் 24 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு மருந்து தின்ற குழந்தைகளிடையே தற்கொலை எண்ணமோ முயற்சியோ நூற்றுக்கு 4. வெற்று மாத்திரை தின்றவர்களிடையே 2. சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. மருந்தில்லாத சோர்வும் கொல்லும் என்பதால் இந்த எச்சரிக்கையைப் பற்றிய தர்க்கம் ஓயவில்லை. 2005-இல் முதியவர்கள் முறை: மறதிநோயில் மனநோய் மருந்து பெற்றவர்களின் மரண விகிதம், 17 சோதனைகளில், பெறாதவர்களைப்போல் 1.6 முதல் 1.7 மடங்கு. 2023-இல் ஆல்ஸ்ஹைமர் நோயாளியின் கிளர்ச்சிக்கென்றே முதன்முதலாக ஒரு மருந்து, பிரெக்ஸ்பிப்ரசோல், அங்கே அனுமதி பெற்றது. பழைய எச்சரிக்கையும் அதன்மேல் அச்சாகியிருக்கிறது.

மருந்து வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ராத்திரி முழுக்க அலறுகிறவரோடு இருந்து பார்க்காதவன் அப்படிச் சொல்ல அருகதையற்றவன். ஆனால் 'தேவலை' என்ற சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு தடவையும் கவனித்தாக வேண்டும்.

நவம்பர் மாதம் எங்கள் பாங்கில் பென்ஷன்காரர்கள் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருகிறார்கள். போன நவம்பரில் ஒரு மகன் தம் தகப்பனாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். இனிஷியலைப் போட்டுப் புள்ளி வைத்தார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. "மாத்திரை கொடுத்திருக்கோம் சார். இப்ப பரவாயில்லை, சத்தம் போடறதில்லை" என்றார் மகன். அவர் கண்களைப் பார்த்தால் ராத்திரி தூங்கியவராகத் தெரியவில்லை. நான் மை டப்பாவை நகர்த்திப் பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டினேன். "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

மகனைத்தான் கேட்டேன். பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.