செல் லே-அவுட்: ஒரு வரிசையின் வரலாறு

பழைய தொழிற்சாலைகளில் எந்திரங்கள் இனம் இனத்தோடு சேர்ந்து நின்றன. லேத்துகள் ஒரு கூடத்தில், டிரில்லிங் எந்திரங்கள் அடுத்த கூடத்தில், கிரைண்டிங் எந்திரங்கள் வேறொரு மூலையில். ஒரு பல்சக்கரம் உருவாக வேண்டுமென்றால் கூடம் கூடமாகத் தள்ளுவண்டியில் அலைய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தன் முறை வரும்வரை குவியலில் கிடக்க வேண்டும். அந்த அலைச்சலை ஒழிக்க வந்ததுதான் செல் லே-அவுட். ஒரு பொருளுக்கு வேண்டிய வெவ்வேறு எந்திரங்களை, வேலை நடக்கும் வரிசையிலேயே பக்கம் பக்கமாக ஒரே தொகுதியாக, அதாவது ஒரு 'செல்'லாக, நிறுத்துவது.

இந்த எண்ணம் 1925-லேயே அமெரிக்காவில் தலைகாட்டியது. பின்னாளில் செனட் உறுப்பினரான பொறியாளர் ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ், எந்திர வகைப்படி அல்லாமல் பொருள்வாரியாகப் பிரிவுகளை அமைப்பது பற்றி அவ்வாண்டில் ஒரு கட்டுரை படித்தார். ஆனால் அது வேர்விட்டது ஜப்பானில்.

டொயோடா நூற்பு நெசவாலையில் வேலை பார்த்த தாயிச்சி ஓனோ, 1943-ல் டொயோட்டா கார் நிறுவனத்துக்கு மாறினார். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் டொயோடா தறிகளை அறிந்தவர் அவர். தறி தானே நிற்பதால், ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. கார் ஆலையில் மட்டும் ஏன் ஓர் எந்திரத்துக்கு ஓர் ஆள் என்று அவர் கேட்டார். 1947-ல் கொரோமோ ஆலையில் எந்திரங்களை இணை வரிசைகளாகவும் 'ட' எழுத்துப்போல மடக்கியும் நிறுத்தி, ஒரே ஆளிடம் பல எந்திரங்களை ஒப்படைத்தார். தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காலமெல்லாம் லேத் ஒன்றையே கற்றுத் தேர்ந்தவரிடம் டிரில்லிங்கும் மில்லிங்கும் பழகச் சொன்னால் கோபம் வராதா? கைத்தொழிலின் கௌரவம் அதில் இருந்தது. அதனால் மாற்றம் மெல்லத்தான் நடந்தது. வேலை முடிந்ததும் தானே நிற்கும்படி எந்திரங்களில் சுவிட்சுகள் பொருத்தப்பட்டன. பின்னர் வரிசை லாட வடிவமாக வளைந்தது.

அந்த வளைவில் ஒரு நுட்பம் உண்டு. நுழைவாயும் வெளிவாயும் அருகருகே வருவதால், முடிந்த ஒன்றை வெளியே வைத்தவரே அடுத்த ஒன்றை உள்ளே எடுக்கிறார். நடுவில் சரக்கு குவிய வழியில்லை. தேவை கூடினால் செல்லுக்குள் இன்னொருவர் வருவார். குறைந்தால் ஒருவரே சுற்றி வருவார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், மொத்தம் 100 பாகங்கள். முழுக் குவியலாக நகர்த்தினால் கடைசிப் பாகம் முடிய 400 நிமிடம். நான்கு எந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓட, ஒவ்வொன்றாக நகர்த்தினால் 103 நிமிடம்தான். முதல் பாகம் நான்காம் நிமிடத்திலேயே கைக்கு வந்துவிடும். அதில் பிழை இருந்தால், மீதி 99-ம் பாழாவதற்குள் கண்ணில் படும்.

எந்தப் பாகங்களை ஒரே செல்லில் சேர்ப்பது? சோவியத் நாட்டில் செர்கேய் மித்ரோபானோவ் ஒத்த பாகங்களைக் குழுக்களாக்கும் முறையை உருவாக்கினார். 1959-ல் அது நூலாயிற்று. 1960-களில் பிரிட்டனின் ஜான் பர்பிட்ஜ், ஒவ்வொரு பாகமும் எந்தெந்த எந்திரத்துக்குப் போகிறது என்ற ரூட் கார்டை வைத்தே செல்களைப் பிரித்துக் காட்டினார். 1988-ல் டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு 'லீன்' என்ற பெயர் கிடைத்தபின், செல் உலகெங்கும் பரவியது.

பரவிய இடங்களிலெல்லாம் அது நிலைக்கவில்லை. எந்திரத்தை நகர்த்த ஒரு வார இறுதி போதும். ஒருவர் நான்கு வேலை கற்கப் பல மாதங்கள் வேண்டும். ஆலை நிர்வாகிகளே, பயிற்சிக்கு நேரமும் கற்றதற்குக் கூலியும் கொடுங்கள். மிச்சமான ஆளை வெளியே அனுப்பாமல் வேறு வேலையில் அமர்த்துங்கள். ஆள்குறைப்புக்கான சூழ்ச்சி என்று தொழிலாளி நினைக்கும் செல், எந்த வடிவில் வளைத்தாலும் ஓடாது.