பெங்களூரு வாடகை வீட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ: முதலில் எதை வாங்கலாம்?

பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். ஒரு அறை காலியாகக் கிடக்கிறது. வார இறுதிகளில் போர்ட்ரெய்ட், பிராடக்ட் ஷூட் எடுத்துக் கொடுத்தால் வாடகைக்காவது ஆகும் என்று தோன்றுகிறது. போனஸ் பணமும் கையில் இருக்கிறது. உடனே ஆன்லைனில் ‘ஸ்டூடியோ கிட்’ என்று தேடுவீர்கள். இரண்டு குடை, இரண்டு பல்பு, ஒரு பச்சைத் துணி, எல்லாம் ஒரே பெட்டியில் வரும்.

கொஞ்சம் பொறுங்க. முதலில் வேண்டியது அளக்கிற டேப்.

உங்கள் அறைக்குள் எந்தப் படம் அடங்கும்?

ஆரம்பத்தில் பலரிடமும் இருக்கும் ஜோடி, ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும். இதில் ஒருவரை இடுப்பு வரை எடுக்க, அவருக்கும் கேமராவுக்கும் நடுவே ஆறு அடிக்குச் சற்று மேல் வேண்டும். தலை முதல் கால் வரை என்றால் 14 அடி. அவருக்குப் பின்னால் பேக்டிராப் வரை மூன்று அடி, கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்க இரண்டு அடி. கூட்டிப் பாருங்கள்: இடுப்பு வரை எடுக்க 11 அடிக்குக் கொஞ்சம் மேல், முழு உருவத்துக்கு 19 அடி.

10க்கு 12 அடி அறையில் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. அதிக விலை கொடுத்து வாங்கும் எந்த லைட்டும் சுவரைத் தள்ளி வைக்காது. அதனால் வீட்டில் போர்ட்ரெய்ட், நகை, சாப்பாடு, சின்னப் பொருட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு உருவப் படம் கேட்டு யாராவது வந்தால், அன்றைக்கு மட்டும் மணிக்கணக்கில் ஒரு ஸ்டூடியோவை வாடகைக்கு எடுக்கலாம்.

இந்தக் கணக்கைப் போடாமல் நானே 120 செ.மீ. ஆக்டாபாக்ஸ் ஒன்றை வாங்கினேன். அதை விரித்தால் அறைக்கதவைத் திறக்க முடியாது. இப்போது அது பரண் மேல் இருக்கிறது.

ஜன்னல் இருக்கிறதே, போதாதா?

பிராடக்ட் படங்களுக்குப் பல நேரம் போதும். ஆனால் ஒரு விஷயம். ‘வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே ஒளி’ என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். பெங்களூரு இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறை, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்கிறோமே, அதுதான். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், காலையும் மாலையும் வடக்கு ஜன்னலிலும் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு வெள்ளை மெல்லிய திரை போட்டால் சரியாகிவிடும்.

பிளாஷா, எல்இடியா?

வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் எல்இடி. போட்டோ மட்டும்தான் என்றால் பிளாஷ். ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 60 வாட் எல்இடி, 1/125 விநாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் செலவழிப்பது அரை ஜூலுக்கும் குறைவான மின்சாரம். கேமரா மேல் மாட்டும் சாதாரண பிளாஷ் முழு சக்தியில் ஒருமுறை அடித்தால் சுமார் 60 ஜூல். எல்இடி மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்கும் என்று தள்ளுபடி கொடுத்தாலும், பல பத்து மடங்கு வித்தியாசம்.

கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் பிளாஷ், கேமராவுக்குப் பொருந்தும் டிரிக்கர், ஸ்டாண்ட், ஒரு குடை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கலாம். ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கு போட்டால் போதும், கரண்ட் போனாலும் ஷூட் நிற்காது. பழைய பிளாஷ் யாராவது சும்மா தந்தாலும், அதன் டிரிக்கர் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்காமல் கேமராவில் மாட்டாதீர்கள். சில பழைய மாடல்கள் இன்றைய கேமராவின் சர்க்யூட்டையே பதம் பார்த்துவிடும்.

எல்இடிதான் என்றால் பெட்டியில் ‘சிஆர்ஐ 95’ என்று இருப்பதோடு நிற்காதீர்கள். சிஆர்ஐ என்பது எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, அதை ஆர்9 என்று தனியாகச் சொல்வார்கள். நம்முடைய மாநிறத் தோல் உயிரோடு தெரிவதற்கு அந்தச் சிவப்பு முக்கியம். ஆர்9 பற்றிப் பேச்சே இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

ஒளியை மென்மையாக்க எவ்வளவு செலவு?

இங்கேதான் நம் ஊர் வரலாறு கைகொடுக்கிறது. 1956-ல் வந்த சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’ படத்தில் பனாரஸ் வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன் மீது அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். அப்போது அவருக்கு 26 வயதுகூட முழுதாக ஆகவில்லை. வெள்ளை பெட்ஷீட்டும் வெள்ளை தெர்மாகோல் பலகையும் உங்களுக்கு அதே வேலையைச் செய்யும். சுவர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மட்டும் அதில் பட்டு வரும் ஒளி முகத்திலும் அந்த நிறத்தைப் பூசிவிடும். சிக்பேட்டில் சில மீட்டர் கறுப்புத் துணி வாங்கி அந்தச் சுவரை மூடுங்கள். கிளாம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வகையறாவுக்கு எஸ்.பி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது.

பேக்டிராப் வெள்ளை ஒன்றே போதும். லைட் முகத்திலிருந்து மூன்று அடியிலும், துணி முகத்துக்குப் பின்னால் இன்னொரு மூன்று அடியிலும் இருந்தால், துணிக்குப் போய்ச் சேரும் ஒளி கால் பங்குதான். படத்தில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். சாம்பல் துணிக்குத் தனியாகக் காசு வேண்டாம்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குடை மாட்டிய மெல்லிய ஸ்டாண்ட், மின்விசிறிக் காற்றிலேயே சாயும். அதன் காலில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டுங்கள், வாடிக்கையாளர் தலையில் விழக் கூடாது பாருங்க.

இவ்வளவுக்குப் பிறகும் எது வேண்டும் என்று குழப்பமா? ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் லைட்டை வாடகைக்கு எடுத்து, உங்கள் அறையிலேயே வைத்துப் பாருங்கள். டெபாசிட் எவ்வளவு, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, திருப்பித் தரத் தாமதமானால் என்ன கட்டணம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பொருளை எடுக்கும்போதே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.