சிவகாசி வட்டாரத்தில் வெடிபொருள் கட்டுப்பாடு

வெடிமருந்தைக் கையாள யாருக்கு உரிமம் தருவது, தந்த உரிமம் வேறு கைக்குப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது பற்றி விருதுநகர் மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக விவாதம் நடந்துவருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. நாட்டில் விற்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்தக் கரிசல் மண்ணிலிருந்துதான் போகிறது. அமெரிக்காவில் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தால் துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சு கிளம்பும். இங்கே ஆலை வெடித்தால் உரிமம் பற்றிய பேச்சு கிளம்பும். பலி எண்ணிக்கை, ஆட்சியர் ஆய்வு, நிவாரண அறிவிப்பு, உரிமம் தற்காலிக ரத்து என்று சில வாரம் போகும். அதற்குள் தீபாவளி ஆர்டர் வந்துவிடும்.

இரண்டு விவாதங்களுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கிறது. ஆபத்தான பொருள் உண்மையில் யார் கையில் இருக்கிறது?

துப்பாக்கி விஷயத்தில் இந்தியச் சட்டம் கடுமையானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியவர்தான் உரிமம் கேட்க முடியும். மனு கொடுத்து, காரணம் சொல்லி, போலீஸ் விசாரணையைத் தாண்ட வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதனால்தான் பள்ளித் துப்பாக்கிச் சூடு இங்கே மிக அரிது. ஆனாலும் 2007 டிசம்பர் 11 அன்று டெல்லியை அடுத்த குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் உடன்படித்த 14 வயது மாணவனைப் பள்ளிக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனின் தந்தையுடையது. அவர் அதற்கு முறைப்படி உரிமம் வாங்கியிருந்தார்.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். சுட்ட இளைஞனிடம் இருந்த துப்பாக்கிகளை அவன் தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தார். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணி விசாரணையை விரிவாக்க அடுத்த ஏப்ரலில் வந்த மசோதா செனட் சபையில் தோற்றது. இதற்கு நேர்மாறாக, 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டதும் பிரிட்டன் மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதை அநேகமாக முழுமையாகத் தடை செய்தது.

சட்டமும் உரிமமும்

சிவகாசிக்கு முதலில் வந்தது தீப்பெட்டி. 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் அதைத் தொடங்கினார்கள். வெடிபொருள் சட்டம் அதைவிடப் பழையது. 1884-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. 1940-இல் வந்த விதிகள் பட்டாசு தயாரிக்க உரிமத்தைக் கட்டாயமாக்கின. முறையான பட்டாசு ஆலைகள் அந்தக் காலத்தில்தான் இங்கே எழுந்தன. இப்போது நடைமுறையில் உள்ளவை 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள்.

ஊர்ப் பேச்சில் ஆலைகளை உரிமத்தை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். குறைந்த அளவு மருந்து கையாளும் சிறு ஆலைக்கு மாவட்ட நிர்வாகம் தருவது டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் தருகிறது. அதன் சென்னை அலுவலகம் தருவது சென்னை உரிமம், தலைமையகம் தருவது நாக்பூர் உரிமம். தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஆய்வு செய்வது தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இவற்றோடு வருவாய்த் துறை, தீயணைப்பு, காவல் துறை என்று கண்காணிக்கும் கைகள் பல. ஒரு துறை பார்த்துக்கொள்ளும் என்று இன்னொன்று விட்டுவிடவும் இதுவே வழிவகுக்கிறது.

விதிகள் நுணுக்கமானவை. 1992-இல் மத்திய அரசு பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து வெடிபொருள் செய்யத் தடை போட்டது. உராய்ந்தாலே தீப்பிடிக்கும் கலவை அது. தீக்குச்சித் தலைக்கும், பொம்மைத் துப்பாக்கியில் பிள்ளைகள் சுடும் கேப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே தெருவில் ‘டப் டப்’ என்று கேட்கும் அந்தக் கேப்பின் மருந்தைக்கூடச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறது.

மருந்து அறை

விதிப்படி நடக்கும் ஆலை கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகளாகத் தெரியும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்கே அந்த இடைவெளி. மருந்து கலக்கும் அறையில் இருவர், செலுத்தும் அறையில் நால்வர். தரையில் ரப்பர் விரிப்பு. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்க, உள்ளே நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்தி மட்டும். அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும்; மீந்து ஈரம் பட்ட மருந்து மறுநாள் தானாகவே சூடேறும்.

இந்த ஒழுங்கு குலைவது பெரும்பாலும் கூலிக் கணக்கில். வேலை பீஸ் ரேட்டு. கூடுதல் கை இருந்தால் கூடுதல் சரக்கு. நால்வர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாவிட்டால் மரத்தடியில் சாக்கு விரித்து வேலை நடக்கும். பேன்சி ரகப் பட்டாசுக்காகச் சிறு மணிகளாகச் செய்யும் மணி மருந்து உராய்வைத் தாங்காது. அதைச் சிறு ஆலைகள் அனுமதி இல்லாமலே செய்கின்றன. விபத்துக்குப் பிந்தைய விசாரணை அறிக்கைகளில் மாறாமல் வரும் காரணங்கள் இவைதான்.

உள்குத்தகை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை உள்குத்தகை. உரிமம் பெற்றவர் தன் ஆலையின் அறைகளைச் சிலருக்கோ பலருக்கோ பிரித்து வாடகைக்கு விடுகிறார். விதிப்படி இது குற்றம். குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த ஆலை சில மாதக் காரியம். போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. போர்மேன் என்று பதிவேட்டில் உள்ளவர் ஆலைப் பக்கமே வராமலும் இருக்கலாம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடித்த ஆலையில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுப்புற மக்கள் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அங்கும் உள்குத்தகைப் பேச்சு எழுந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அறைகள் பலருக்கும் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக் குழு அமைத்தது. 2023 அக்டோபர் 17-இல் ஒரே நாளில் இரு இடங்களில் வெடிப்பு நேர்ந்தது. 2024-இல் பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இறந்தவர்களில் பெண்கள் நிறைய.

உரிமம் இல்லாமலோ விதி மீறியோ வெடிபொருள் தயாரித்தால் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-பி பிரிவு சொல்லும் தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலி நேர்ந்தால் வேறு கடுமையான பிரிவுகளும் சேரும். ஆனால் விபத்து நடக்கும் முன்பே மிரட்டித் தடுக்க வேண்டியது 9-பி பிரிவுதான். ஒரு சீசன் லாபத்துக்கு முன்னால் 5,000 ரூபாய் யாரை அச்சுறுத்தும்? இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2024-இல் மத்திய அரசு வரைவு மசோதா வெளியிட்டது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்ய வேண்டும் என்றது. அதை எதிர்த்து ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. அன்றாடக் கூலி இல்லாமல் பட்டினி கிடந்தவை தொழிலாளர் குடும்பங்கள். முறையான ஆலையில் கெடுபிடி கூடினால் வேலை வீட்டுக்குள் நகர்ந்துவிடும் என்பது உற்பத்தியாளர்கள் வாதம். வெம்பக்கோட்டைப் பக்கம் அது நடந்தும் இருக்கிறது. 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் வீட்டில் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பில் இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. வீட்டு அலமாரித் துப்பாக்கியும் வீட்டுத் திண்ணை வெடிமருந்தும் முதலில் பிள்ளைகளுக்குத்தான் எமன்.

பிள்ளைகளும் பள்ளியும்

கட்டுப்பாட்டால் எதுவும் நடக்காது என்பவர்களுக்குப் பதில் இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் விடியும் முன்பே ஆலை வேன்கள் கிராமம் கிராமமாக வந்து தூங்கி வழியும் பிள்ளைகளை ஏற்றிப் போயின. 1976-இல் தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி வெள்ளத்தில் சிக்கி 30-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் இறந்தார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசியும் சேர்ந்தது. வேலையிலிருந்து மீட்டவர்களுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 திருத்தம் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் வெடிபொருள் வேலையில் சேர்க்கக் கூடாது என்றாக்கியது. மதிய உணவு, அரசுப் பள்ளி, தொண்டு நிறுவனங்களின் விடாப்பிடி, பெற்றோரின் மனமாற்றம் எல்லாம் சேர்ந்து, ஆலை அறைகளில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலத்தை முடித்துவைத்தன.

பள்ளி வன்முறை பற்றிய தமிழ்நாட்டு விவாதம் இப்போது வேறு ஆயுதத்தைச் சுற்றுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அரிவாளுக்கு உரிமம் கிடையாது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையும் ஆயுதத்தை விட்டுச் சாதியைத்தான் குறிவைத்தது: பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது.

பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். முதற்கட்டமாக ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அந்த நிதியைக் கேட்டு ஒரு பிள்ளையும் வரிசையில் நிற்காதபடி செய்வதே அரசின் முதல் வேலை. அன்றன்று ஆலையை நடத்துகிறவர் யார், மருந்து அறையில் இருப்பவர் எத்தனை பேர் என்பதை வாசலில் எழுதி வைக்கச் சொல்லட்டும். சீசன் தொடங்கும் ஆடி மாதத்திலிருந்தே முன்னறிவிப்பு இல்லாமல் அதைச் சரிபார்க்கட்டும். பொய்யாக இருந்தால் அன்றே உரிமத்தை ரத்து செய்யட்டும்.